நோட்டரி முத்திரை எதற்குச் சாட்சி சொல்கிறது?

"இதை நோட்டரி பண்ணிக் கொண்டு வாருங்கள்."

வங்கியிலோ, விசா விண்ணப்ப மையத்திலோ, பல்கலைக்கழக அலுவலகத்திலோ இந்த ஒரு வரியைக் கேட்டவர்கள் ஏராளம். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். நோட்டரி அந்தத் தாளில் எதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அப்புறம் நோட்டரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஒரு சீல் வேணும் சார்" என்கிறோம்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நோட்டரி செய்வது ஒரே வேலை அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த முத்திரைக்குப் பின்னால் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் அவர் வேறு ஏதோ ஒன்றுக்குச் சாட்சி நிற்கிறார். ஒரு தாளில், கையெழுத்து உங்களுடையதுதான் என்பதற்கு. இன்னொன்றில், நீங்கள் சத்தியம் செய்தீர்கள் என்பதற்கு. வேறொன்றில், நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதற்கு. பலரும் நினைப்பதுபோல, தாளில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்பதற்கு அவர் சாட்சி நிற்பதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் ஏமாந்தவர்கள் நிறைய. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

நோட்டரி என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. பேசுவதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்பவரை ரோமானியர்கள் 'நோட்டாரியுஸ்' என்றார்கள். ஒப்பந்தங்களை எழுதிக் கொடுக்கும் தொழிலைச் செய்தவர்கள் 'தபெல்லியோ' என்ற வேறு பிரிவினர். நாளடைவில் இரண்டு வேலைகளும் ஒன்றாகி, 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞ்யா நகரம் நோட்டரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெரிய மையமாக இருந்தது. இங்கிலாந்தில் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் முதலில் போப்பின் வழியாக வந்தது. 1533-இல் ஒரு சட்டம் அதை கேன்டர்பரி பேராயருக்கு மாற்றியது. இன்றும் அங்கே நோட்டரிகளை நியமிப்பது அந்தப் பேராயரின் கீழ் இயங்கும் அலுவலகம்தான். இந்தியாவில் 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி மத்திய, மாநில அரசுகள் நியமிக்கின்றன. இலங்கையில் இவர்களை 'நொத்தாரிசு' என்பார்கள். அங்கே 1907-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவர்களின் வேலையை வரையறுக்கிறது. நியமிப்பது யாராக இருந்தாலும் சரி, பரிவர்த்தனையில் எந்தப் பக்கமும் சாராத ஒருவர் நடந்ததைப் பார்த்துப் பதிவு செய்கிறார் என்பதுதான் எல்லா இடத்திலும் அடிப்படை.

முதலில் அன்றாடம் அதிகம் நடக்கும் இரண்டு வேலைகளைப் பார்ப்போம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, ஒப்புகை. பத்திரம், ஒப்பந்தம், பவர் பத்திரம் போன்றவற்றுக்கு இது வேண்டியிருக்கும். நீங்கள் நேரில் வருகிறீர்கள். நீங்கள் யார் என்பதை அடையாள அட்டையைப் பார்த்து நோட்டரி உறுதிசெய்கிறார். "இந்தக் கையெழுத்து என்னுடையது, என் விருப்பத்தோடுதான் போட்டேன்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதை அவர் எழுதிச் சான்று தருகிறார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், கையெழுத்தை முன்பே போட்டுக்கொண்டு வந்தால்கூட இந்தச் சான்று கிடைக்கும். ஏனென்றால் இங்கே கேள்வி, கையெழுத்து எப்போது போடப்பட்டது என்பதல்ல. யாருடையது, மனமொப்பிப் போட்டதா என்பதுதான்.

இன்னொன்று, சத்தியத்தின் பேரில் வாங்கும் கையெழுத்து. பிரமாணப் பத்திரத்தின் அடியில் வருவது இது. இலங்கையில் இந்தப் பத்திரத்தைச் சத்தியக் கடதாசி என்பார்கள். இதற்கு முன்பே போட்ட கையெழுத்து செல்லாது. நோட்டரியின் கண் முன்னால்தான் போட வேண்டும். அதற்கும் முன்னால், இதில் சொல்லியிருப்பது உண்மை என்று வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். அதில் நம்பிக்கை இல்லாதவர் உளமார உறுதி கூறலாம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே எடை. பொய் என்று பின்னால் தெரிந்தால், பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்கு ஆளாவது கையெழுத்துப் போட்டவர். நோட்டரி அல்ல.

நடைமுறையில் இந்த வாய்மொழி உறுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாளை நீட்டியதும் முத்திரை விழுந்துவிடுகிறது. ஆனால் அடியில் அச்சடித்திருக்கும் வரியோ "என் முன்னிலையில் உறுதிமொழி ஏற்றுக் கையெழுத்திட்டார்" என்கிறது. நடக்காத ஒன்று நடந்ததாக ஒரு பொது அலுவலர் எழுதித் தருகிறார் என்றால், அதற்கப்புறம் அந்த முத்திரையில் என்ன மிச்சம் இருக்கிறது? இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அரை நிமிட உறுதிமொழிக்காகத்தான் அந்தத் தாளே இருக்கிறது.

ஒப்புகையிலும் அடையாள அட்டையைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரு பவர் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை வழக்கில் அற்றோணித் தத்துவம். வயதான அம்மா ஒருவர், கூடவே மகன். பத்திரத்தை நீட்டுவது மகன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவதும் மகன். நோட்டரி கேட்கும் கேள்விக்கெல்லாம் அம்மாவுக்கு முன்னால் பதில் சொல்வதும் அவர்தான். பொறுப்பான நோட்டரி இந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பார்.

"தம்பி, கொஞ்ச நேரம் வெளியில இருங்க."

கதவைச் சாத்திய பிறகு அம்மாவிடம் நிதானமாகக் கேட்பார்: "அம்மா, இது என்ன பத்திரம்னு உங்ககிட்ட சொன்னாங்களா? இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, உங்க வீட்டை உங்க பையன் விக்கலாம். உங்களுக்குச் சம்மதமா?"

அந்த அம்மா "தெரியும்ப்பா, நான்தான் எழுதச் சொன்னேன்" என்றால் வேலை நடக்கும். பதில் வராமல் கண் கதவுப் பக்கம் போனால், நோட்டரி பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். முத்திரை போட மறுப்பதும் நோட்டரியின் சேவைதான். சொல்லப்போனால் அவர் செய்வதில் மிகப் பெரிய சேவை அதுவாக இருக்கலாம். ஆள் நேரில் வரவில்லை, பத்திரத்தில் கோடிட்ட இடங்கள் நிரப்பப்படாமல் இருக்கின்றன, போன மாதத் தேதி போட்டுக் கேட்கிறார்கள், பத்திரத்தில் நோட்டரிக்கே லாபம் இருக்கிறது — இதில் எது இருந்தாலும் அவர் மறுத்தே ஆக வேண்டும்.

பவர் பத்திரத்தில் இவ்வளவு கவனம் வேண்டியதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில், நோட்டரி முன்னிலையில் எழுதி அவரால் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் முறையாக எழுதப்பட்டதென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு விதி இருந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதை வைத்துக்கொண்டிருக்கிறது. அதாவது, இல்லை என்று நிரூபிக்கும் சுமை மறுப்பவர் தலையில் விழுகிறது. மேசையில் இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலையைத் தவறென்று காட்ட வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு வழக்கு வரும்போது கைகொடுப்பது நோட்டரியின் பதிவேடு. யார் வந்தார், எந்தத் தேதி, என்ன ஆவணம், எந்த அடையாள அட்டை என்பதையெல்லாம் அதில் எழுதி, வந்தவரின் கையெழுத்தையும் வாங்கி வைக்கிறார்கள். கலிபோர்னியாவில் பவர் பத்திரத்துக்கும் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கும் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகையும் வாங்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. முத்திரையைப் போலியாகச் செய்துவிடலாம். நோட்டரியின் அறையில், முன்னும் பின்னும் வேறு ஆட்களின் பதிவுகள் இருக்க, நடுவில் ஒரு வரியைப் போலியாகச் சேர்ப்பது அவ்வளவு எளிதல்ல. எங்கேயாவது நோட்டரி உங்களைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லாமல் அனுப்பினால், நீங்களே கேட்டுப் போட்டுவிட்டு வருவது நல்லது.

நகல் சான்று விஷயம் எளிமையானது, ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசலையும் ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று சான்று கொடுப்பது அது. அசல் உண்மையானதா என்று அவர் சொல்லவில்லை. போலிச் சான்றிதழின் சரியான நகலும் சரியான நகல்தான்! அதனால்தான் சில இடங்களில் இதற்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ் போல அரசுப் பதிவகம் தரும் ஆவணங்களுக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் நோட்டரி நகல் சான்று தர முடியாது. பதிவகத்திடமே போய்ச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பும் கிட்டத்தட்ட இதே கதை. பல நாடுகளில் நோட்டரி மொழிபெயர்ப்பைப் படித்துச் சரிபார்ப்பதில்லை. மொழிபெயர்த்தவர் "இது சரியான மொழிபெயர்ப்பு" என்று உறுதி கூறியதற்குத்தான் சான்று தருகிறார். இந்தியச் சட்டம், நோட்டரியே மொழிபெயர்க்கவும் அதைச் சரிபார்க்கவும் இடம் கொடுத்திருக்கிறது.

உயிர்ச் சான்று என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களிடம், ஆள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று சில நாடுகளின் ஓய்வூதிய அலுவலகங்கள் கேட்கும். நோட்டரி முன்னால் போய் நின்றால் போதும். இந்தத் தேதியில், இந்த ஆள் என் முன்னால் வந்தார் என்று எழுதித் தருவார்.

இனி, இன்று பலரும் கேள்விப்பட்டிராத பழைய வேலைகள் இரண்டு.

இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று வியாபாரி ஒருவர் எழுதித் தரும் சீட்டுக்கு மாற்றுச்சீட்டு என்று பெயர். அதைப் பணம் தர வேண்டியவர் ஏற்க மறுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வைத்திருப்பவர் நோட்டரியிடம் போகிறார். நோட்டரி அதை மறுபடி நீட்டிப் பணம் கேட்கிறார். மறுத்தால், மறுத்த தேதியையும் காரணத்தையும் சீட்டிலேயே குறிக்கிறார். இதற்கு நோட்டிங் என்று பெயர். பிறகு அதை முறையான சான்றாக எழுதித் தருவது புரோட்டஸ்ட். வேறொரு நாட்டிலிருந்து வந்த சீட்டு என்றால், மறுக்கப்பட்டதை அங்கே இருப்பவர் எப்படி நம்புவார்? நடுநிலையான ஒருவரின் எழுத்துதான் அதற்கு வழி. இங்கிலாந்தின் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இதை வெளிநாட்டுச் சீட்டுகளுக்குக் கட்டாயமாக்கியது. நோட்டரி கிடைக்காத இடத்தில், அந்த ஊரில் வீடு வைத்திருக்கும் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு அந்தச் சான்றைத் தரலாம் என்றும் அதிலேயே ஒரு விதி இருக்கிறது.

மற்றது கப்பல் வேலை. புயலில் அடிபட்ட சரக்குக் கப்பல் துறைமுகம் சேர்கிறது. உள்ளே சரக்கு நனைந்திருக்குமோ என்று கேப்டனுக்குச் சந்தேகம். சரக்கறையின் மூடியைத் திறப்பதற்கு முன்பே, வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், அவர் நோட்டரியிடம் போவது கடல் தொழிலில் நெடுநாள் வழக்கம். கப்பல் நாட்குறிப்பை விரித்து வைத்து, எந்த நாளில் காற்று எப்படி அடித்தது, அலை எங்கே ஏறியது, ஆட்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லச் சொல்ல நோட்டரி பதிவு செய்வார். சரக்குக்காரரும் காப்பீட்டு நிறுவனமும் பின்னால் வந்து "உங்கள் கவனக்குறைவுதான் காரணம்" என்று சொல்லும்போது, சேதம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே சொல்லப்பட்ட வாக்குமூலம் இது என்பதுதான் கேப்டனுக்குப் பலம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னால் அந்தப் பலம் போய்விடும். இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோட்டரியின் வேலைகளைச் சொல்லும் 8-ஆவது பிரிவிலும், கப்பல் புரோட்டஸ்ட் என்ற பெயரில் இந்த வேலை இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வகை நோட்டரி: மற்றவர் எழுதிய தாளுக்குச் சாட்சி நிற்பவர். உலகின் பெரும் பகுதியில் நோட்டரி என்றால் ஆளே வேறு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க நாடுகள் ஆகியவற்றில் அவர் சட்டம் படித்துத் தேறிய மூத்த வல்லுநர். பத்திரத்தை எழுதுவதே அவர்தான். இரு தரப்புக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. ஜெர்மனியில் வீடு வாங்க வேண்டுமென்றால் நோட்டரி முன்னால்தான் ஒப்பந்தம் நடக்க வேண்டும். பத்திரம் முழுவதையும் இரு தரப்பும் கேட்க வாய்விட்டுப் படித்துக் காட்டியாக வேண்டும்; படிக்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பிரான்ஸில் 1803-இல் வந்த சட்டம் இந்தத் தொழிலுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அங்கே அசல் பத்திரம் நோட்டரியிடமே 75 ஆண்டுகள் இருக்கும், பிறகு அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். இந்த நாடுகளில் நோட்டரி எழுதிய பத்திரத்துக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் மதிப்பு, வெறும் கையெழுத்துச் சான்றுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே பெயரில் புழங்குவதால் மனிதர்கள் நிஜமாகவே அடிபடுகிறார்கள். மெக்சிகோவில் 'நோட்டாரியோ புப்ளிகோ' என்றால் பெரிய சட்ட அறிஞர். அமெரிக்காவில் நோட்டரி ஆக வழக்கறிஞராக இருக்கத் தேவையே இல்லை. ஆனால் ஸ்பானிய மொழியில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்தால், புதிதாக வந்த குடியேறி என்ன நினைப்பார்? தன் குடியுரிமை விண்ணப்பத்தை அவரிடம் நம்பிக் கொடுப்பார். பணமும் போய், காலக்கெடுவும் தவறிப்போய் நின்ற குடும்பங்கள் உண்டு. அதனால்தான் டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள், நோட்டரிகள் அந்த ஸ்பானியப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தடை வைத்திருக்கின்றன.

தமிழ் பேசுகிறவர்களுக்குள்ளும் இதே வகைக் குழப்பம் வரும். இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை, அதாவது நிலத்தை விற்க, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். உறுதி என்று அங்கே சொல்வது நிலப் பத்திரத்தை. அவர் இல்லாமல் அந்த உறுதி செல்லாது. சத்தியக் கடதாசிக்கோ அங்கே சமாதான நீதவானிடமோ சத்தியப் பிரமாண ஆணையாளரிடமோ போவார்கள். இந்தியாவில் நேர்மாறு. பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி போதும். ஆனால் 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தை விற்கும் கிரயப் பத்திரத்துக்கு, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம். நோட்டரி முத்திரை மட்டும் உள்ள விற்பனை ஒப்பந்தத்தால் சொத்து கைமாறாது. பவர் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் உயிலும் சேர்த்து எழுதிக்கொண்டு 'வாங்கிவிட்டோம்' என்று நம்புகிற வழக்கத்தைப் பற்றி, அப்படி உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. முத்திரை இருக்கிறதே என்று வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர்களுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். திருமணமும் அப்படித்தான். நோட்டரி முன்னால் இருவர் கையெழுத்துப் போட்ட தாளால் திருமணமும் நடந்துவிடாது, விவாகரத்தும் ஆகிவிடாது.

ஆவணம் நாட்டு எல்லை தாண்டும்போது இன்னொரு படி சேர்கிறது. வேறு நாட்டு அதிகாரிக்கு உங்கள் நோட்டரியை எப்படித் தெரியும்? முன்பு ஒரு அலுவலகம் நோட்டரியின் கையெழுத்துக்குச் சான்று, அதற்கு மேல் ஒரு அமைச்சகம், அதற்கு மேல் தூதரகம் என்று சங்கிலிபோல நீளும். இதைக் குறைக்கத்தான் 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். அதன்படி, ஆவணம் தந்த நாட்டின் குறிப்பிட்ட அலுவலகம் 'அப்போஸ்டில்' என்ற ஒரே ஒரு சான்றை ஒட்டினால் போதும். சதுரமாக, பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 10 எண்ணிட்ட வரிகளோடு இருக்கும். இந்தியாவில் 2005-லும், சிங்கப்பூரில் 2021-லும், சீனாவில் 2023-லும், கனடாவில் 2024-லும் இது நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் இல்லாத நாட்டுக்கு ஆவணம் போகிறதென்றால் பழைய தூதரக வழிதான்.

அப்போஸ்டில் எதற்குச் சாட்சி என்பதையும் கவனியுங்கள். நோட்டரியின் கையெழுத்தும் பதவியும் முத்திரையும் உண்மை என்பதற்கு மட்டும். நோட்டரி உங்கள் கையெழுத்துக்குச் சாட்சி, அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்குச் சாட்சி. உள்ளே எழுதியிருப்பதற்கு இந்த இரண்டில் எதுவும் பொறுப்பேற்கவில்லை.

இப்போது நேரில் போகாமலே சில இடங்களில் வேலை நடக்கிறது. 2012-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் வீடியோ அழைப்பு வழியாக நோட்டரி செய்ய முதலில் அனுமதித்தது. 2020-இன் பெருந்தொற்றுக்குப் பிறகு மற்ற இடங்களுக்கும் இது வேகமாகப் பரவியது. அழைப்பைப் பதிவு செய்து வைப்பதால் பின்னால் பார்க்க முடியும் என்பது நல்லதுதான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது நோட்டரிக்குத் தெரியாது. அந்த அம்மாவின் மகனை வெளியே அனுப்பியது போலத் திரை வழியாக அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நிம்மதியான பதில் கிடைக்கவில்லை.

சரி, அடுத்த முறை யாராவது நோட்டரி கேட்டால், அவர்களிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். கையெழுத்துக்கு ஒப்புகையா, சத்தியத்தோடு கையெழுத்தா, நகல் சான்றா? ஆவணம் எந்த நாட்டில் காட்டப்படப் போகிறது? எது வேண்டும் என்று நோட்டரி உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் வழக்கறிஞர் அல்லாத நோட்டரி அப்படி ஆலோசனை சொன்னாலே சட்டமீறல். கேட்ட அலுவலகம்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் அடையாள அட்டையின் அசலை எடுத்துப் போங்கள், ஆவணத்தில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று வீட்டிலேயே பாருங்கள். சான்றைத் தனித் தாளில் இணைத்துத் தந்தால், அது எந்த ஆவணத்தோடு சேர்ந்தது, ஆவணம் எத்தனை பக்கம் என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதைக் கழற்றி வேறொன்றோடு சேர்ப்பது சுலபம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுபோங்கள்.